முப்பது எண்ணும்வரை

டீ குடிக்கையில் திரை நச்சரிக்கிறதே என்று வேலாண்டி 'சரி'யை அமுக்கிவிட்டான். கல் தூக்க அவன் உடம்பில் மாட்டியிருந்த இயந்திர இரும்புச் சட்டை தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அதன்பின் குவாரி வைஃபை அதற்குப் பிடிபடவில்லை. ஒரு டன் கல்லை இறக்குகையில் பாதியில் சட்டையின் இரும்புக் கைகள் நின்றுவிட்டன. கல்லை உருட்ட உருளைக்கட்டை வைக்கப் போன மனைவி சொர்ணத்தின் கால் கல்லுக்கடியில் மாட்டிக்கொண்டது.

"அணைச்சுட்டு முப்பது எண்ணிப் போடுங்க சார்," என்றது அவன் காதில் மாட்டியிருந்த போனில் உதவி மையக் குரல்.

"அணைச்சா கை கல்லை விட்டுரும்யா! அடியில எம் பொண்டாட்டி கெடக்கா!"

"சிக்னல் இல்லன்னா ஆறு நிமிஷத்துல அதுவே அணைஞ்சுரும் சார். புது வெர்ஷன் அப்படி."

சட்டைக்குள் பூட்டிக்கிடந்தவனால் குனியவும் முடியவில்லை.

"எதைக் கேட்டாலும் சரின்னு அமுக்குவீரே, இப்ப வாய மூடும்," என்றாள் சொர்ணம். கைக்கெட்டிய உடைகற்களைக் காலுக்கு இருபுறமும் செருகி, சுத்தியலால் அடித்து இறுக்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"ம், நீரே அணையும்," என்றாள். அவன் தாடையால் பொத்தானை அமுக்கினான்.

கல் நறநறவென்று இறங்கியது. அவள் அலறினாள். உடைகற்கள் தாங்கின. அந்த அலறலுக்குள்ளேயே அவன் முப்பது எண்ணி மறுபடி பொத்தானை அமுக்கினான்.

இரும்புக் கைகள் உயிர்பெற்றுக் கல்லைத் தூக்கின. சொர்ணம் ரத்தக்காலை இழுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார்," என்றது குரல். "நான் அப்பவே சொன்னேன்ல?"