வஸ் இருக்க ஓர் இடம்

"ஹாமுதுருவனே, நாளை மறுநாள் புல்டோசர் வருது. நீங்க கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீங்க!"

சிறிசோம கத்தியதில் பன்சாலை விகாரையின் புறாக்கள் கலைந்தன. துறைமுகத் தொழிற்சங்கத்தில் பழகிய தொண்டை. பின்னால் ரயில் பாதையோரக் குடிசைக்காரர்கள்.

ஹாமுதுரு, அந்த இளம் பௌத்த பிக்கு, கண் திறந்தார். "எதுவும் நிலையில்லை. மனசைப் பதற விடாதீங்க."

"உங்களுக்கென்ன! மழைக்கால மூணு மாசமும் நகராம ஒரே இடத்தில் வஸ் இருக்கணும். அதுக்கு முதலாளி மாடி வீட்டுக்கு அழைச்சிருக்கிறாராமே?"

"வெற்றிலை வைத்து அழைத்தார்."

"எங்க நிலத்தைப் பறிக்கிறதும் அதே முதலாளிதான்!"

"தெரியும். உங்க வழக்கு எப்போ?"

"அடுத்த மாசம். அதுக்குள்ள எல்லாம் மண்ணாயிடும்!"

ஹாமுதுரு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"பார்த்தீங்களா தோழர்களே? முதலாளி மெத்தை கிடைச்சா எனக்கும்தான் மன அமைதி வரும்!"

பௌர்ணமி கழிந்த காலை, வஸ் தொடங்கும் நாள். வரிசையில் முதல் குடிசை சிறிசோமவுடையது. அவர் மனைவி நந்தாவதி சட்டி பானைகளைப் பக்கத்து அக்கா குடிசைக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டி வர முன்னமே மூட்டை கட்டுறியா? வெட்கமாயில்லை?"

அவள் அடுத்த பானையைத் தூக்கினாள்.

சிவப்புக் கொடியோடு சிறிசோம வாசலில் மல்லாந்து படுத்தார். புல்டோசர் உறுமிக்கொண்டே வந்து, சட்டென்று நின்றது. டிரைவர் குதித்திறங்கிக் கும்பிட்டான்.

"கும்பிட்டா விட்டுடுவேனா? ஏத்துடா!"

"உங்களை இல்லை, ஐயா. பின்னால பாருங்க."

திரும்பினார். அவருடைய குடிசைக்குள், கூரைக்கடியில் புதிதாய்க் கட்டிய வெள்ளைத் துணியின் கீழ், ஹாமுதுரு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குடையும் பாத்திரமும்.

"இங்கே... யார் அழைச்சது?"

"நான்தான்," என்றாள் நந்தாவதி. "நீங்க கத்திட்டு வந்த பிறகு வெற்றிலையோட போனேன். முதலாளி வீட்டுக்கு வரலைன்னு சொல்லி அனுப்பிட்டு, நீங்க வாசலில் படுத்த நேரம் ஹாமுதுரு பின்பக்கமா வந்தார். எழும்புங்க, தானச் சாப்பாட்டுக்குப் பாய் விரிக்கணும்."

புல்டோசரோடு வந்த அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலில் கைகூப்பினார். "ஹாமுதுருவனே, மேலிடத்து உத்தரவு. மாற்ற முடியாது."

ஹாமுதுரு சிரித்தார்.

"எதுவும் நிலையில்லைன்னு நீங்களும் பன்சாலையில் கேட்டிருப்பீங்களே, மாத்தயா. மேலிடத்து உத்தரவுக்கு மட்டும் விதிவிலக்கா?"