அவனே கட்டிடுவான்

"ரிட்டயர்மென்ட் பணத்துல கை வைக்காதீங்க. படிப்புக் கடனை அவனே கட்டிடுவான்."

மனைவி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, துவைத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

பஸ் டிப்போ மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்தார். கடன் வாங்கிப் படித்த ஒரே மகன் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

"யாரு கட்டுவான்?"

"அவன்தான். நேத்துகூட வந்திருந்தான். ரொம்ப இளைச்சுட்டான்."

இப்படி அவள் பேசுவது முதல் தடவை இல்லை. வேலை முடிந்து வரும்போது சில நாள் சமையலறைத் தொட்டியில் மூன்றாவது தட்டு கிடக்கும். மகனின் கட்டிலில் யாரோ உட்கார்ந்து எழுந்த கசங்கல் தெரியும். அவன் அலமாரியில் சட்டைகள் வேறு குறைந்துகொண்டே வந்தன. கேட்டால், "போட்டுக்கிட்டுப் போயிருக்கான்" என்பாள்.

புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து, டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு அழுதிருக்கிறார் மெக்கானிக்.

கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவருடையது. ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம். சேமநிதியை இப்போதே வழித்து எடுத்தால் கடன் தீரும். அப்புறம் கிழவனும் கிழவியும் காற்றைத்தான் குடிக்க வேண்டும். விட்டாலோ வட்டி குட்டி போடும். இத்தனை நாளாக பாங்கிலிருந்து ஒரு போன்கூட வராதது வேறு என்னவோ போல இருந்தது.

போன பிள்ளை பேரில் பாக்கி இருக்க வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, லீவு போட்டுவிட்டு பாங்குக்குப் போனார்.

கவுன்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"தவணை எதுவும் பாக்கி இல்லையே சார்."

"எப்படிம்மா? யாரு கட்டுறா?"

அவள் மகனின் பெயரைச் சொன்னாள். "அவரேதான். மாசாமாசம் நேர்ல வர்றார். நான் இந்த பிராஞ்சுக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேனே. எப்பவும் மாஸ்க் போட்டிருப்பார், அதிகம் பேச மாட்டார். ரெண்டு மூணு நாள்ல வந்துடுவார், பாருங்க."

மெக்கானிக் வீட்டுக்குத் திரும்பினார்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. தினமும் வேலைக்குப் போவது போலக் கிளம்பி வந்து பாங்க் பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம், மகனின் சாம்பல் நிறக் கட்டம்போட்ட சட்டை உள்ளே வந்தது. முழங்கைக் கிழிசலில் மனைவி போட்ட தையல் தெரிந்தது. அதே உயரம். அதே ஒல்லி முதுகு. கவுன்டரில் குனிந்து, அது மகனின் பெயரைச் சொன்னது.

அவர் எழுந்து போனார்.

"தம்பி..."

அது நின்றது. மெதுவாகத் திரும்பி, மாஸ்க்கைக் கீழே இறக்கியது.

மகனின் சிநேகிதன். அன்றைக்கு பைக்கை ஓட்டியவன். பின்னால் உட்கார்ந்திருந்த மகன் செத்துப்போக, கால் எலும்பு முறிவோடு தப்பித்தவன். சாவு வீட்டு வாசலில் மெக்கானிக் அவன் சட்டையைப் பிடித்து, "நீ செத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டு விரட்டியிருந்தார்.

"மன்னிச்சுடுங்க அங்கிள்." அவன் தலை நிமிரவில்லை. "உங்க கடைசிக் காலத்துப் பணம் இதுல கரையக் கூடாதுன்னு நானாத்தான் கட்டுறேன். என் பேரு தெரிஞ்சா நீங்க ஏத்துக்க மாட்டீங்க. அவன் பேரைச் சொல்லிக் கட்டுன்னு அம்மா சொன்னாங்க."

"உங்கம்மாவா?"

அவன் சட்டையின் முழங்கைத் தையலைத் தொட்டுக்கொண்டான்.

"நம்ம அம்மா."