பீங்கான் பல்லும் நண்டுக் காலும்

"தாடை விண் விண்ணெண்டு குத்துது, லவீனா. உங்கடை வீட்டிலை கஞ்சி கிஞ்சி ஏதும் கிடைக்காதே?"

குருநகரில் லவீனா வீட்டுப் படலையைத் திறக்கும்போதே ஜெறோம் இதைத்தான் கேட்டான். கொழும்புத்துறையில் ஐஸ் லொறி ஓட்டுபவன். முந்தநாள்தான் பட்டினத்துப் பல் வைத்தியர் ஒருவரிடம் போய், மேல்வரிசை முன்பல் நான்குக்கும் பீங்கான் ஓடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். வைத்தியர் அதற்கு வெனியர் என்று பெயர் சொன்னார். பல்லைக் கொஞ்சம் சீவி, அதன்மேல் நகம்போல மெல்லிசாக ஒன்று. உள்ளே ஒடிந்த பல் இருப்பது வெளியில் தெரியாது.

"ஆர் உங்களைச் செய்யச் சொன்னது? அந்த ஒடிஞ்ச பல்லோடைதானே நான் விரும்பினனான்."

"உன்ரை அப்பாவும் விரும்ப வேணுமெல்லோ. அவர் ஓம் எண்டால்தானே பங்குத்தந்தையிட்டைப் போகலாம்."

"சரி, சரி. இண்டைக்குக் கூழ்தான்."

அவனுக்கு மூச்சு வந்தது.

"நண்டுக் கூழ்," என்றாள் லவீனா. "அப்பா தானே போய்ப் பாத்துப் பாத்து எடுத்துக்கொண்டு வந்தவர். உங்களுக்கு நண்டெண்டால் உயிராம்."

"நீ சொன்னனியோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

வைத்தியர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்: முன்பல்லால் எலும்பு கடிக்கக் கூடாது, நைலோன் நூல் கடிக்கக் கூடாது, நண்டு கூடவே கூடாது. ஜெறோமின் நாக்கு நான்கு ஓடுகளையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வந்தது.

லவீனாவின் தகப்பன் சூசைதாசன் சாரத்தை மடித்துக் கட்டியபடி முற்றத்து வேம்பின் கீழ் இருந்தார். வலை இழுத்து இழுத்து அவருடைய விரல்கள் இப்போது முழுதாக நிமிர்வதில்லை. பக்கத்துச் சுவரில் ஒரு பழைய துடுப்பு சாய்ந்திருந்தது. வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டிய பிறகும் அதை அவர் விறகாக்கவில்லை.

"வாரும் தம்பி, இரும். எங்கை, ஒருக்காச் சிரியும் பாப்பம். லவீனா காட்டின படத்திலையெல்லாம் வாயை மூடிக்கொண்டெல்லோ நிக்கிறீர்."

ஜெறோம் சிரித்தான்.

"அப்பாடி! தேங்காய்ச்சொட்டுத் தோத்துப்போம்."

தாய் அற்புதராணி கூழைக் கொண்டுவந்தாள். கோப்பை நிறைய நண்டுக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஜெறோம் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூழை மட்டும் உறிஞ்சினான்.

"என்ன தம்பி, நண்டை ஒதுக்கிறீர்?"

"வயிறு கொஞ்சம் சரியில்லை மாமா."

"கூழுக்கு வராத வயித்துக்குத்து நண்டுக்கு மட்டும் வருமோ?"

"விடுங்கோவன் அந்தப் பிள்ளையை," என்றாள் அற்புதராணி. "பல்லுக் கூசுதோ என்னவோ."

"சீச்சீ! பல்லு இரும்பு மாமி," என்றான் ஜெறோம் அவசரமாக. சொன்ன பிறகுதான் தன் வாயே தன்னை மாட்டிவிட்டது தெரிந்தது.

"இரும்பெண்டால் கடியும்," என்றார் சூசைதாசன்.

அவன் படலையைப் பார்த்தான். லவீனாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். வேறு வழியில்லாமல் ஒரு காலை எடுத்துக் கடைவாய்க்குள் தள்ளி உடைத்தான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று. அதுவும் சரி.

பல்லில் கைவைத்த நாள் முதல் அவன் வயிற்றுக்கு ஒழுங்கான சாப்பாடு கிடையாது. பனங்கிழங்கு ஒடியல் மாவும் புளியும் உறைப்பும் ஏறிய நண்டுச் சதை நாக்கில் பட்டதும் வைத்தியர் மறந்துபோனார். கடற்கரையில் வளர்ந்தவன் நண்டுக் காலை எப்படித் தின்பான்? நுனியை முன்பல்லால் நறுக்கிவிட்டு உறிஞ்சுவான். மூன்றாவது காலைக் கை தானாகவே முன்பல்லுக்குக் கொண்டுபோனது.

டக்.

உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு செதில் விழுந்தது. நாக்கு போய்ப் பார்த்தபோது ஒடிந்த பல்லின் அந்தப் பழைய சாய்ந்த முனை அங்கேயே இருந்தது. ஜெறோம் வாயை இறுக மூடினான். செதில் விழுந்த கையையும் பொத்திக்கொண்டான்.

"என்ன, கல்லுக் கடிபட்டதோ?"

"ம்... ம்... ஓடு மாமா. நண்டு ஓடு."

"எங்கை, வாயைத் திற."

"அப்பா!" லவீனா எழுந்தே விட்டாள். "ஓம், ஒடிஞ்ச பல்லுத்தான். மூடித்தான் ஒட்டினவர். ஒரு பல்லுக்காண்டி ஒரு மனுசனை வேண்டாமெண்டு சொல்லுவியளோ?"

சூசைதாசன் சாரத்தில் கையைத் துடைத்தார். எழுந்து போய்ச் சுவரில் சாய்ந்திருந்த துடுப்பை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஜெறோம் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான்.

"ஏனடா பயப்பிடுறாய்? அண்டைக்கு இதாலை ஒருக்காத்தானே அடிச்சனான்."

ஜெறோமின் விரல் ஒடிந்த பல்லுக்குப் போனது.

"அப்ப வீட்டிலை அடுப்பு எரியேல்லை மாமா," என்றான் ஜெறோம். குரல் கூழுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"அண்டைக்கு டோர்ச் வெளிச்சத்திலை கண்ட கண் எனக்கு மறக்கேல்லை, படத்திலை பாத்தோடனை தெரிஞ்சுது. பல்லைத்தான் ஒருக்காப் பாக்கவேண்டியிருந்தது. உனக்கு நண்டு விருப்பமெண்டு வேறை எப்பிடி எனக்குத் தெரியும்?" சூசைதாசன் கூழ்ச்சட்டியை அவன் பக்கம் தள்ளினார். "சாப்பிடு. பிள்ளையைத் தாறன். ஆனால் நண்டோடை நீ கடலுக்கை அறுத்துக்கொண்டு போன வலை ஒண்டு எனக்கு இன்னும் வரவேணும்."