கெங்கம்மா வீட்டுக் கூடத்து விளக்கு

“ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வந்து என்னை இட்டுகினு போய்டும். கேக்கறதுன்னா அதுக்குள்ள அத்தகிட்ட கேளு.”

“கேக்கறேன் மதி.”

“பொங்கல்லருந்து இதையேதான் சொல்லிகினு கீற.”

மூன்று நாளுக்கு முன் பஸ் நிறுத்தத்தில் நடந்த இந்தப் பேச்சு, ஸ்டூல் மேல் நின்ற ஜெயவேலின் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று சனிக்கிழமை.

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றாள் மதியின் மாமியார் கெங்கம்மா. கடலுக்குப் போன மகன் திரும்பாமல் நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இந்தத் திருவொற்றியூர்க் குப்பத்து வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். கெங்கம்மா வலை பின்னுவாள். கொருக்குப்பேட்டையில் பிறந்த மதிக்கு வலை முடிச்சு கடைசிவரை கைவரவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனாள்.

இரண்டு மாதத்தில் கூடத்து விளக்கு அணைந்தது இது நாலாவது தடவை. மரப்பட்டிக்குள் துணி சுற்றிய ஒயர் ஓடும் பழைய வீடு. மூன்று தடவையும் திருகு தளர்ந்திருந்தது. தெருவை அதிர வைக்கும் கன்டெய்னர் லாரிகள்தான் காரணம் என்று எலக்ட்ரீஷியன் ஜெயவேல் நினைத்தான்.

இந்தத் தடவை கெங்கம்மா புது விளக்கே வாங்கி வைத்திருந்தாள். இனிமேல் ரிப்பேர் என்று அவன் இந்த வீட்டுக்கு வரவே கூடாது, அப்படி மாட்டிக்கொடு என்றாள். சொன்ன கையோடு மதியை டேப் வாங்கக் கடைக்கு அனுப்பினாள். தன் பையிலேயே டேப் இருப்பதாக அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை.

பியூஸைப் பிடுங்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்து, பழைய உருண்டை விளக்கைக் கழற்றினான். ஒயர் கருகவில்லை, அறுபடவும் இல்லை. யாரோ திருகைத் தளர்த்தி, இரண்டு நுனியும் தொட்டுக்கொள்ளாதபடி விலக்கி, நைலான் நூலால் இறுக்கமாகக் குட்டி முடிச்சுகள் போட்டிருந்தார்கள்.

அவனுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. தன்னை வரவழைக்க இந்த மதி எவ்வளவு தூரம் போயிருக்கிறாள். கெங்கம்மா வாசலைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் நூலை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

புது விளக்கை மாட்டும்போது திருகு இரண்டு முறை கை நழுவி விழுந்தது. இரண்டு முறையும் அவள் எடுத்துக் கொடுத்தாள், ஆனால் கண் வாசலிலேயே இருந்தது. ஒன்று கேட்க வேண்டும் என்று அவன் ஆரம்பித்தான். இன்னா என்று அவள் நிமிர்ந்ததும், பியூஸ் போட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கிவிட்டான்.

விளக்கு எரிந்தது. இனி இங்கே அவனுக்கு வேலை இல்லை. தண்ணீர் கேட்டு வாங்கி மெதுவாகக் குடித்தான். பையில் இருந்த சாமானை வெளியே எடுத்து மறுபடி அடுக்கினான். பிறகு, வரேம்மா என்று தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு நடந்தான்.

கெங்கம்மா கதவில் கையை ஊன்றி வழியை மறித்தாள்.

“நாலு தபா லைட்ட அவுத்து வுட்டாச்சு. நீ வாயத் தொறக்கற வழியக் காணோம்.”

அவன் சட்டைப்பையில் இருந்த நூலைத் தொட்டுப் பார்த்தான்.

“நானே கேக்கறேன். எம் மதியக் கட்டிக்கிறியா, நைனா?”