பார்க்க: பக்கம் 61

"இந்த ஆளோட கார்டை முதல்ல கேன்சல் பண்ணுங்கோ, சேச்சி. புத்தகத்துக்குள்ள குப்பையைப் போட்டு வெச்சிருக்கார்."

ஆரியசாலை நூலகத்தில், கப்பல் வணிகம் பற்றிய பழைய புத்தகத்தை மேஜைமேல் விரித்துக் காட்டினாள் ஜானவி. நடுவில் கிழித்த காலண்டர் தாள். பின்பக்கம் பென்சில் கிறுக்கல்.

நூலகர் ராஜபாய் பதிவேட்டைப் பார்த்தாள். கடைசியாக எடுத்தவர் வன்னியபெருமாள். வற்றல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்.

"முன்னேயும் ரெண்டு பேர் பராதி சொன்னாங்க" என்றபடி கார்டை ரத்து செய்தாள்.

ஜானவி ஆராய்ச்சி மாணவி. இரண்டு வருடத்தில் ஆறு நோட்டுகள் நிறைத்திருந்தாள். 'எல்லாம் எழுதியிருக்கே. நீ என்ன சொல்ல வரே?' என்று கைடு கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. இன்னும் பத்து நாளில் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் அந்தத் தாளைக் கசக்கப் போனவள், வாசித்தாள்.

'மழைக்காலத்தில் துறைமுகத்தை மூடிடுவாங்களாம். அப்போ ஊர் என்ன தின்னுச்சு? பார்க்க: ஊறுகாய்ப் புத்தகம், பக்கம் 61.'

மறுநாள் நூலகம் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தாள். பக்கம் 61: மழை மாதங்களுக்கு மாங்காய் உப்பிலிடுவது. அங்கேயும் ஒரு தாள்.

'இவ்வளவு உப்பு எப்படி வந்துச்சு? பார்க்க: சாலைக் கடைகள் வரலாறு, பக்கம் 18.'

அடுத்த அலமாரிக்கு ஓடினாள். பக்கம் 18: மழைக்கு முன்னால் கப்பலில் வந்து சாலைக் கடைகளில் இறங்கிய உப்பு மூட்டைகள். இந்த மூன்று புத்தகங்களையும் அவள் எப்போதோ படித்தவள்தான். மூன்றுக்கும் மூன்று நோட்டு. கப்பலும் கடையும் அடுக்களையும் ஒரே கதை என்று தோன்றியதே இல்லை. தாள்களை எடுத்துக்கொண்டு ராஜபாயின் மேஜைக்குப் போனாள்.

"சேச்சி, அவர் எந்தக் கடை?"

மண்டி வாசலில் வன்னியபெருமாள் மூட்டையை இறக்கிவிட்டு, துண்டால் முகம் துடைத்தார். ஐம்பது வயதிருக்கும். அவள் கையிலிருந்த தாள்களைப் பார்த்ததும் முகம் வாடியது.

"தப்புதான் டீச்சர். இனிமே வைக்க மாட்டேன்."

"பராதி கொடுத்ததே நான்தான், அண்ணாச்சி. கார்டை இன்னைக்கே திரும்ப வாங்கித் தரேன். என் ஆராய்ச்சியில உங்க பேரையும் போடப் போறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். இவ்வளவு யோசிக்கறவர் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கப்படாதோ?"

"நோட்டுல எழுதினா நான் மட்டும்தானே பாப்பேன்? படிச்சவங்க யாராவது எடுத்துப் பாத்து, தப்பிருந்தா திருத்தி வைப்பாங்கன்னுதான் புத்தகத்துல வச்சேன். ஏழு வருஷமாச்சு, ஒருத்தரும் திருத்தலை" என்றவர், தயங்கி, குரலைத் தாழ்த்தினார். "நான் சேர்த்தது சரியா, டீச்சர்?"