இடப்பக்கம் மட்டும்

"இன்னொரு தடவை வைங்க அண்ணி."

அண்ணி கோழிக்கூடையை மறுபடியும் தராசில் வைத்தாள். முள் போன தடவை நின்ற இடத்திலேயே வந்து நின்றது. கால்நடை டாக்டர் தராசையே முறைத்தார், தப்பெல்லாம் அதன்மேல்தான் என்பதுபோல.

"எடை நல்லாத்தானே இருக்கு தம்பி?"

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் நல்லா இருக்கு. அதான் பிரச்சினை."

"இதுல என்ன பிரச்சினை?" என்று கேட்டாள் அண்ணி. டாக்டர் எடையை நோட்டில் குறித்துக்கொண்டார்.

கோழி ஷெட்டை இரண்டு பக்கமாகப் பிரித்து நடுவில் வலை கட்டச் சொன்னதே அவர்தான். பண்ணை அண்ணனுடையது; அவர் பூண்டு, மஞ்சள், சீரகம், கீழாநெல்லி என்று கண்டதையும் காயவைத்து, அரைத்து, பிராய்லர் கோழிகளின் தீவனத்தில் கலப்பார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அவருக்குக் 'கோழி வைத்தியர்' என்று பட்டமே கட்டிவிட்டார்கள்.

"குடல் சுத்தமா இருந்தா கோழி தானா வளரும்டா. எதுக்கு இத்தனை ஆன்டிபயாடிக்?" என்பார் அண்ணன், பார்க்கும்போதெல்லாம்.

"வாயால சொன்னா ஆச்சாண்ணே? இடப்பக்கம் பொடி போடுங்க, வலப்பக்கம் வெறும் தீவனம் போடுங்க. தராசு சொல்லட்டும்" என்று டாக்டர் ஒருநாள் வீம்புக்குச் சொல்ல, அண்ணன் அங்கேயே சரி என்றார்.

குஞ்சுகள் வந்து இறங்கிய கையோடு அவர் படுக்கையில் விழுந்தார். ஊரிலுள்ள கோழிக்குடலுக்கெல்லாம் கவலைப்பட்டவருக்குக் குடலில்தான் நோய். முற்றிவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். எந்தப் பக்கத்துக்கு என்ன போடவேண்டும் என்பதைப் படுத்தபடியே அண்ணியிடம் சொல்லி, ஷெட்டை அவள் பொறுப்பில் விட்டார்.

டாக்டர் ஷெட்டுக்குள் ஒரு நடை நடந்தார். மழைக்காலம் வந்தால் இந்த வட்டாரத்தில் கோழிக்குக் கழிச்சல் வராமல் போனதில்லை. இந்த ஷெட்டின் தரையில் விரித்த உமி இரண்டு பக்கமும் பொலபொலவென்று காய்ந்திருந்தது. இந்த பேட்சுக்கு ஏதோ நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார். அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதிலேயே மனம் கிடந்தது.

அறையில் அண்ணன் வாசலைப் பார்த்தபடி படுத்திருந்தார். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், கண் மட்டும் பழைய குறும்போடு இருந்தது.

"யாருடா ஜெயிச்சது? நீயா, என் பொடியா?"

"அப்புறம் பேசலாம்ணே. முதல்ல மாத்திரையைப் போடுங்க."

"எனக்கு ஏதுடா அப்புறம்? சும்மா ஆறுதலுக்குப் பொய் சொன்ன, ஆவியா வந்து அடிப்பேன். இத்தனை வருஷம் நான் செஞ்சது உருப்படியான வேலையா இல்லையா? அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் போகணும்."

டாக்டருக்கு ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று தோன்றியது. ஆனால் அண்ணனிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை.

"வித்தியாசம் இல்லண்ணே. ரெண்டு பக்கமும் ஒரே எடைதான்."

அண்ணன் சிரித்தார். "அப்ப இவ்வளவு நாளும் குப்பையைத்தான் அரைச்சுப் போட்டிருக்கேன்னு சொல்லு."

சிரிப்பு பாதியில் நின்றுபோனது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு யார் வந்தாலும் கோழியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, டாக்டர் அண்ணியைத் தேடிப் போனார். கோழிகள் லாரியில் ஏறிப்போய்விட்டன. காலி ஷெட்டில் ஒரு மூட்டைமேல் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணன் என்னாலதான் மனசு விட்டுப்போயிட்டாரு அண்ணி" என்றார் டாக்டர். அதற்குமேல் முடியாமல் சின்னப் பிள்ளைபோல் அழுதார்.

"என்ன பேச்சு தம்பி இது? உங்க மேல உயிரா இருந்த மனுஷன்." அண்ணி தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு பேச்சை மீறினவ நானே சும்மா இருக்கேன். நீங்க ஏன் அழறீங்க?"

"நீங்க என்ன மீறினீங்க?"

"பொடியை இடப்பக்கத்துக்கு மட்டும் போடுன்னாரு. அவரால எழுந்து அரைக்க முடியல, எனக்கும் சிரமம் வேணாம்னு சொல்றாருன்னு நெனச்சேன். வலப்பக்கத்துல இருக்கறதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

டாக்டரின் அழுகை அப்படியே நின்றது.

"அதுங்களுக்கும் தினம் நான்தான் தம்பி கலந்து போட்டேன்."