சகாதேவன் வீட்டுக் கரை

“இது என்னங்க விதி? ‘சகாதேவன் வீட்டு வாசலில் தொடங்கி ஏரித் தண்ணீர் வரை படகு ஏற்றக்கூடாது, வலை காயவைக்கக்கூடாது, கொட்டகை போடக்கூடாது.’ ஒரே ஒரு வீட்டுக்கு எதுக்குத் தனிச் சட்டம்?”

பழவேற்காட்டிலிருந்து படகேறி வந்திருந்த அதிகாரியம்மா ஊர்க் கட்டுப்பாட்டு நோட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

ஏரிக்கரை ஊர்களுக்கெல்லாம் சேர்த்து அரசாங்கம் பொதுவிதி போடப்போகிறது. அதன்படி கரையில் எங்கே வேண்டுமானாலும் படகு ஏற்றலாம். தனி விதி வேண்டும் என்கிற ஊர், அதற்குத் தகுந்த காரணம் சொல்லியாக வேண்டும்.

மீன் ஏலக் கொட்டகையில் கூடியிருந்த ஊர், தலைவரைத் திரும்பிப் பார்த்தது.

கடைசியில் உட்கார்ந்திருந்த சகாதேவனுக்குச் சுருக்கென்றது. கூட்டத்துக்கு வருகிற வழியில் படகுக் கயிறு தடுக்கி விழுந்ததில் முழங்கால் எரிந்துகொண்டிருந்தது. அதைவிட இது அதிகமாக எரிந்தது. ஓ, இதுதான் சங்கதியா!

பார்வை போய் வருஷக்கணக்காகிறது. பின்னாலேயே மனைவி ஜமுனாவும் போய்ச் சேர்ந்தாள். பிழைப்புக்கு ஒன்றும் குறைவில்லை. பல்லில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவருக்குக் கண் எதற்கு? கை இருந்தால் போதும்.

பேச்சுத்துணைதான் இல்லை. ஊர்க் கரையெல்லாம் சந்தைக்கடை இரைச்சல். அவர் வாசலில் மட்டும் ஒரு படகு ஒதுங்காது, வலை உதற ஒருத்தன் வரமாட்டான். விடியற்காலையில் யாரோ பெருக்குகிற சத்தம் கேட்கும். “யாரது?” என்றால் துடைப்பம் நின்றுவிடும். ஊரே நம்மை ஒதுக்கிவிட்டது என்று நினைக்கும்போது அவருக்குச் சோறு இறங்காது.

யார் செய்த வேலை என்று இப்போது தெரிந்துவிட்டது. எல்லப்பன்! பார்வை போன புதிதில் ஒருநாள் அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகப் பார்த்தான். “எவன்டா கையப் புடிக்கறது? நான் இன்னா கொழந்தையா?” என்று நாலு பேர் எதிரில் உதறிவிட்டார். அதற்கப்புறம் ஒருத்தரும் அவரைத் தொட்டதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு, ஊர்த் தலைவர் ஆனதும் பழி தீர்த்துவிட்டான்.

“காரணம் சொல்லுங்க தலைவரே,” என்றார் அதிகாரியம்மா.

“அது வந்து... அங்க பூநாரை வந்து எறங்குது மேடம்,” என்று இழுத்தான் எல்லப்பன்.

சகாதேவன் எழுந்துவிட்டார்.

“பூநாரையா? கண்ணுதாம்மா போச்சு, காது நல்லாத்தான் கீது. அந்தக் கரைல ஒரு காக்கா கத்தி நான் கேட்டதில்ல. புளுவுறான்!”

“அண்ணா, நீ கொஞ்சம் சும்மா இருண்ணா.”

“இன்னாடா சும்மா இருக்கறது? உன் கைய ஒதறினதுக்கு என்னைத் தள்ளி வெச்சிட்ட இல்ல? இந்த விதி வாணாம்மா. என் வாசல்லயும் நாலு படகு வரட்டும். நாலு பேரு வந்து சண்டையாவது போடட்டும். மனுசன் கொரல் கேட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா?”

அதிகாரியம்மாவுக்குக் கோபம் வந்தது. “என்ன தலைவரே இது? கண் தெரியாதவரை இப்படியா ஒதுக்கி வைப்பீங்க? ஐயா, நீங்க சொல்லுங்க. ஏரிக்கு உங்களை யார் கூட்டிட்டுப் போறாங்க?”

“எவன் வரான்? நானேதான் போறேன், நானேதான் வரேன். வாசல்லேர்ந்து நேரா நடந்தா தண்ணி. இத்தினி வருசத்துல ஒரு தபா வுழுந்ததில்ல. ஒரு நங்கூரம் கால்ல இடிச்சதில்ல, ஒரு கிளிஞ்சல் குத்தினதில்ல, ஒரு கயிறு...”

சட்டென்று நிறுத்திவிட்டார். முழங்கால் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கொட்டகையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அதிகாரியம்மாவின் குரல் தணிந்துவிட்டது. “தலைவரே, நிஜக் காரணத்தையே எழுதிக்கட்டுமா?”

“வாணாம் மேடம்,” எல்லப்பன் அவசரமாகக் கிசுகிசுத்தான். “அவருக்குக் கண்ணு தெரியலன்னு எழுத்துல போடாதீங்க. ரோசக்காரரு. பூநாரைன்னே எழுதிக்கங்க.”

சகாதேவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“வருதும்மா. பூநாரை வருது. நான்தான் கவனிக்கல. எழுதிக்கோ.”

பிறகு, எல்லப்பனின் குரல் வந்த திசையில் கையை நீட்டினார்.

“எல்லப்பா, இந்தப் பக்கம் கயிறு ஜாஸ்திடா. வூடு வரைக்கும் கையப் புடிச்சிக்கினு வா.”

எல்லப்பன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். நாலு எட்டு வைத்ததும் சகாதேவன் நின்றார்.

“காலைல வந்து பெருக்கறது யாருன்னு நான் கேக்கமாட்டேன். நாளைலேர்ந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் பெருக்கச் சொல்லு.”